ஏழு பேரைக் கட்டிய கயிறு

ஓடிப் பழகுகிற ஆட்களை இடுப்போடு இடுப்பாகக் கட்டலாம் என்று கண்டுபிடித்தவன் நான்தான். எந்தப் புத்தகத்திலும் பார்த்துச் செய்ததில்லை. புத்தகம் பார்க்கிற அளவுக்கு நான் படிக்கவும் இல்லை. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் ஒரு நாள் காதைத் திருகினார். மறுநாள் தறிக்குழியில் காலை விட்டவன்தான், பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்கு என் பட்டறையில் விசைத்தறிகள் ஓடுகிற சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் கணக்கெழுத வருகிறார்கள். இதெல்லாம் தன்னால் வந்ததில்லை, நான் யோசித்து வந்தது. அந்தக் கயிறும் அப்படி நான் யோசித்து வந்ததுதான்.

சீனாக்காரனோடு சண்டை நடந்து முடிந்த அடுத்த கோடை அது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், சேலத்தில் மைதானத்தில் ஓட விட்டுப் பார்த்து எடுப்பார்கள் என்று எங்கள் ஊரில் தண்டோரா போட்டார்கள். எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில், திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு குழித்தறி. நாள் முழுக்கக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிற எங்களுக்குக் கை இரும்பாக இருக்கும், கால் வாழைத்தண்டு. ஓடச் சொன்னால் ஒரு பர்லாங்கில் மூச்சு வாங்கும். ஆனாலும் ஏழு பேர் பெயர் கொடுத்தோம். ஆறு பேர் ஆசைப்பட்டுக் கொடுத்தார்கள். ஏழாவது ஆளின் பெயரைக் கொடுத்தது நான்.

அந்த ஏழாவது ஆள் என் தங்கை புருஷன், என் மாப்பிள்ளை. தம்மம்பட்டிப் பக்கம், மலையடிவாரத்துக்காரர். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் வீட்டில் அண்ணன் தம்பி ஐந்து பேர், இரண்டே தறி என்பதால் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கி, எங்கள் தறியில் நெய்துகொண்டிருந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் அவர் தலையைக் கண்டால், "மாமியார் ஊட்டுச் சோறு இன்னிக்கி என்ன கொழம்புங்க?" என்று ஒருவன் கேட்பான். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும். என் வீட்டு மாப்பிள்ளை காக்கி உடுப்போடு இந்தத் தெருவில் நடந்து வரவேண்டும், அந்த வாயெல்லாம் மூடவேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். அவரைக் கேட்கவில்லை. அந்த வயதில் நான் யாரையும் கேட்டு எதையும் செய்ததில்லை.

தங்கை மட்டும் எதிர்த்தாள். ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்ணா, அவுங்களுக்கு ஓட்டமெல்லாம் வராதுங்ணா. உங்க கௌரவத்துக்கு அவுங்களப் புடிச்சு இழுக்காதீங்க."

"இழுக்கத்தான் போறேன். என்ற இடுப்புல கட்டி இழுத்தாவது பாஸ் பண்ண வெக்கிறேன், பாரு."

"இழுத்துக் கொண்டுபோனா, இழுத்துக் கொண்டாந்தும் உடோணும்."

"கொண்டாந்து உன்ற வாசப்படியில நிறுத்துறேன். போதுமா?"

அவள் ராட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

பயிற்சிக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் ஆற்று மணல். மணலில் ஓடிப் பழகிய காலுக்கு மைதானம் மெத்தை மாதிரி என்று கணக்குப் போட்டேன். கோடையில் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஏது? கரைக்குக் கரை வெள்ளை மணல்தான். ஆற்றில் மேலே இரண்டு மைல் தூரத்தில் கரையோரம் ஒரு சாயப்பட்டறை இருந்தது. நூலை அலசிய தண்ணீரை ஆற்றில் விடுவார்கள். அது மட்டும் மணலில் ஒரு முழ அகலத்துக்கு ஓடை மாதிரி நெளிந்து வரும். ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் பச்சை, ஒரு நாள் அரக்கு. அதைப் பார்த்தே பட்டறையில் இன்றைக்கு என்ன நிறம் முக்குகிறார்கள் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். விடிந்ததும் ஊர் இறக்கத்தில் மணலில் இறங்கி, சாயப்பட்டறையின் துவைகல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வரவேண்டும். இதுதான் என் திட்டம்.

முதல் இரண்டு நாளும் மாப்பிள்ளை அரை மைலுக்குப் பின்தங்கினார். மூன்றாம் நாள்தான் கயிறு. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற பருத்திக் கயிறு எங்கள் வீட்டில் நிறைய உண்டு, மூன்று புரி போட்டு முறுக்கியது. ஆளுக்கு ஆள் ஐந்து முழம் விட்டு ஒவ்வொருவர் இடுப்பிலும் கட்டினேன். வலுவானவன் முன்னால், தொய்வானவர் கடைசியில். முன்னால் நான், கடைசியில் மாப்பிள்ளை. ஆறு பேர் இழுக்கிற இழுப்பில் ஏழாவது ஆள் வந்தே ஆகவேண்டும். பாவில் ஓர் இழை தொய்ந்தால் முழுத்துணியும் கெட்டது என்பது நெசவுக்காரனுக்குத் தெரியாதா? அதே நியாயம்தான். முடிச்சும் எங்கள் முடிச்சுதான், அறுந்த நூலுக்குப் போடுவது. இழுக்க இழுக்க இறுகும். தானாக ஒரு நாளும் அவிழாது. வீட்டுக்கு வந்து நிழலில் உட்கார்ந்து நகத்தால் நிதானமாக நெம்பினால்தான் விடும். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து பார்த்தவன் இந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை. எட்டாம் நாளுக்குள் மாப்பிள்ளையின் ஓட்டம் பாதி தேறிவிட்டது. அதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்வேன்.

ஒன்பதாம் நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

முந்தின நாள் சாயங்காலமே ஒன்று சரியில்லை. கோடையில் நூல் காய்ந்து கிடக்கும். தறியில் நாடா குறுக்கே போய்வரும்போதெல்லாம் பட்டுப்பட்டென்று இழை அறும். அன்று மத்தியானத்துக்கு மேல் ஓர் இழைகூட அறவில்லை. பாவு ஈரத்துணி மாதிரி மெத்தென்று கிடந்தது. நெய்வதற்குச் சுகம். ஆகா என்று விளக்கு வைக்கும்வரை நெய்தேன். காற்றில் எங்கேயோ தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நூல் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை.

விடிகாலையில் ஏழு பேரும் ஆற்றிறக்கத்தில் கூடினோம். எங்கள் ஊர் மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வடக்கே சேர்வராயன் மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை. கருப்பாக ஒரு திரை தொங்கியது. அதற்குள் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டே இருந்தது. காக்காய் ஒன்றுகூடக் கத்தவில்லை. எப்போதும் எங்களோடு கொஞ்ச தூரம் ஓடி வருகிற தெருநாய் ஒன்று உண்டு. அன்று அது கரையில் நின்று மணலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

எங்களில் ஒருவன் பெரிய வாயாடி. என்னைவிட இரண்டு வயது சின்னவன், கயிற்றில் எனக்கு அடுத்த ஆள். அவன்தான், "அண்ணா, நாய்க்கே சலிச்சுப் போச்சுங்க உங்க பரேடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், மலையில பேயுது. எங்க ஊர்ல இந்த மாதிரி இருந்தா ஆத்துல கால் வைக்க மாட்டாங்க."

அவர் ஊர்ப் பேச்சில் எங்களைப்போல் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' சேராது. அதை வைத்தே வாயாடி அவரைத் தினமும் ஓட்டுவான். "ஏனுங்க, மரியாதைய தம்மம்பட்டியிலயே உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று அன்றும் ஓட்டினான்.

நான் சொன்னேன்: "மாப்ள, சேலத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்குது. மலையில பேஞ்சா மலை நனையட்டும். ஓட முடியலீன்னா நேரா சொல்லுங்க. மழ மேல பழி போடாதீங்க."

அவர் முகம் சிவந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், நான் கயிறு கட்டுவதற்கு. அவர் இடுப்பில் போட்ட முடிச்சை மட்டும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். வெடுக்கென்று இழுத்ததில் ஓர் அடி முன்னால் வந்து நின்றார்.

ஓட ஆரம்பித்தோம். மணல் வழக்கம்போல் பொரபொரவென்று இல்லை. கால் பட்ட இடம் கெட்டியாக, குளிர்ந்து கிடந்தது. ஓடச் சுலபமாக இருந்ததால் நான் வேகத்தைக் கூட்டினேன். பாதி வழியில் கரையை வெட்டி ஆடு மாடு இறங்க ஓர் இறக்கம் இருக்கும். அங்கே ஓர் ஆட்டுக்காரர், மேச்சேரி ஆடுகள் ஒரு முப்பது நாற்பது இருக்கும், அத்தனையையும் கரைமேல் நிற்க வைத்துவிட்டுக் கையில் தொரட்டிக்கோலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூங்கில் கழி நுனியில் அரிவாள் கட்டிய தொரட்டி. ஆட்டுக்குக் கிளை அறுத்துப் போடுவதற்கு.

"ஏஞ்சாமி, எங்க போறீங்க?" என்று மேலிருந்து கூப்பிட்டார். "ஆடு எறங்க மாட்டேங்குது பாருங்க. ஊத்துத் தண்ணியக்கூட மோந்து பாத்துட்டு வந்துருச்சு. மேல வந்துருங்க சாமி."

"ஆடுதானுங்க பயப்படும்! நாங்க பட்டாளத்துக்குப் போற ஆளுங்க!" என்று ஓட்டத்தை நிறுத்தாமலே கத்தினேன். பின்னால் ஐந்து பேர் ஹோ என்று கூவினார்கள்.

அந்த இறக்கத்தைத் தாண்டி அரை மைல் போயிருப்போம். அங்கேதான் சாய ஓடை எங்கள் காலுக்குக் குறுக்கே வந்தது. வழக்கத்தைவிட அகலம். நிறம் புதுசு. வாயாடி ஓடிக்கொண்டே சொன்னான்:

"அண்ணா, பட்டறைக்காரன் இன்னிக்கிப் பாக்குக் கலர் முக்கறானுங்க."

"பாக்கு இல்லீடா, காப்பிக்கொட்டை" என்றான் பின்னால் ஒருவன்.

நிறம் பார்ப்பதில் என் கண்ணுக்கு ஈடு கிடையாது. இன்றைக்கும் இரண்டு சிவப்புக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை இருட்டில் சொல்வேன். ஆகவே தீர்ப்பும் நானே சொன்னேன்: "ரெண்டும் இல்ல. வெங்காயத்தோல் கலரு. கூட சித்த அரக்கு உழுந்திருக்குது. பெரிய எடத்து ஆர்டரு, அதான் தண்ணிய இத்தன உட்டிருக்கான்."

ஏழு நெசவுக்காரர்களில் ஆறு பேர் அந்தத் தண்ணீரைச் சாயம் என்றே நம்பினோம். வேறு யாராக இருந்தாலும், ஒரு மாடு மேய்க்கிறவனாக இருந்தாலும், அது என்ன என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும். எங்களுக்குக் கலங்கின தண்ணீர் என்றால் சாயம்தான். பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில் வேறு கலங்கலை அந்த மாதத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

"மச்சான்!" கடைசியிலிருந்து மாப்பிள்ளை கத்தினார். "அது சாயம் இல்ல! மண்ணு! காலைப் பாருங்க, விரல் இடுக்கில வண்டல் ஒட்டுது!"

"ஏரோட்டுற ஊர்க்காரங்களுக்கு எல்லாம் மண்ணாத்தான் தெரியும், மாப்ள! ஓடுங்க!"

அப்போது காற்று திரும்பியது. அதுவரை காற்றே இல்லை; திடீரென்று வடக்கிலிருந்து பனிக்கட்டியைத் தொட்டு வந்த மாதிரி ஒரு காற்று முகத்தில் அறைந்தது. கூடவே வேர் பிடுங்கின மண் வாசம். மேலே பார்த்தேன். வானம் எப்போது இருண்டது என்று தெரியவில்லை. புளியங்கொட்டை அளவுக்கு ஒவ்வொன்றாகத் துளி விழுந்தது. பிறகு ஆலங்கட்டி. மொட்டை மணலில் ஒதுங்க இடமில்லை. தலையில், தோளில், காதில் அடிக்கிறது. கயிறு நனைந்து இடுப்பைக் கவ்வியது. துவைகல் இன்னும் கால் மைல்தான். கல்லைத் தொடாமல் நான் என்றைக்கும் திரும்பியதில்லை. "வெசயா வாங்க! கல்லைத் தொட்டுட்டுத் திரும்பிரலாம்!" என்றேன்.

இரண்டு எட்டு வைத்தேன். இடுப்பில் யாரோ உதைத்தது மாதிரி ஓர் இழுப்பு. பின்னால் விழப்பார்த்து நின்றேன். திரும்பினால், மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு குதிகாலையும் மணலில் ஊன்றி, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நங்கூரம் மாதிரி.

"என்ன மாப்ள இது?"

"எழுந்திரிக்க மாட்டேன். என் கட்டை அவுத்துவிடுங்க. இல்லாட்டி எல்லாரும் திரும்புங்க."

கோபத்தில் அவர் பக்கத்தில் போய் முடிச்சில் கை வைத்தேன். அவிழ்த்துவிட்டுத் தொலையட்டும் என்றுதான் நினைத்தேன். நனைந்த பருத்தி ஊதி, இறுகி, முடிச்சு கல்லாகக் கிடந்தது. நகம் பெயர்ந்தது, முடிச்சு அசையவில்லை. நான் போட்ட முடிச்சு. குனிந்திருந்தபோதே கேட்டது. இடி இல்லை. நின்று நின்று வரவில்லை. பாறையை யாரோ தரையோடு தரையாக உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி ஒரே சீராக, தூரத்தில். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வந்துருச்சு" என்றார்.

இங்கே நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஆட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இறக்கம் எங்களுக்குப் பின்னால். வேறெங்கும் கரை ஆளுயரத்துக்கு மேல் செங்குத்து, ஏற முடியாது. எல்லோரும் நின்ற இடத்தில் அப்படியே திரும்பியிருந்தால் மாப்பிள்ளை முதல் ஆள், நான் கடைசி ஆள். நேராக ஓடிப் போயிருக்கலாம். நான் விடவில்லை. "நாந்தான் முன்னால! எம் பின்னால வாங்க!" என்று கத்திக்கொண்டு, மொத்த வரிசையையும் வளைத்துச் சுற்றிக் கொண்டுவந்தேன். வளைகிறபோது கயிறு ஒருவன் காலில் சிக்கி அவன் விழுந்தான். அவனை எழுப்பினோம். அந்த நேரத்தில் மாப்பிள்ளை மறுபடியும் கடைசி ஆள் ஆகிவிட்டார்.

முக்கால் மைல் ஓடினோம்.  சாய ஓடை எங்கள் பக்கத்திலேயே அகலமாகிக்கொண்டு எங்களோடு ஓடி வந்தது. கணுக்கால், பிறகு முழங்கால். இறக்கம் தெரிந்தது. ஆட்டுக்காரர் கரை விளிம்பில் நின்று இரண்டு கையையும் வீசினார். நான் இறக்கத்தில் கால் வைத்து ஏறுகிறபோது வாயாடி எனக்குப் பின்னால் அலறினான். திரும்பிப் பார்த்தேன். வளைவைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வந்தது. நுரையும் வைக்கோலும் பனைமட்டையும் முன்னால் தள்ளிக்கொண்டு, இடுப்புயரச் சுவர். சாயப்பட்டறையின் நூல் காயப்போடும் மூங்கில்கள் நூல் சிட்டங்களோடு அதன்மேல் புரண்டு வந்தன.

நாங்கள் ஆறு பேர் இறக்கத்தில் கைகாலெல்லாம் ஊன்றி ஏறிவிட்டோம். மாப்பிள்ளையின் கால் கரையைத் தொடவில்லை. தண்ணீர் அவரை அப்படியே வாரிக்கொண்டு போனது. கயிறு விண்ணென்று இழுத்தது. ஆறாவது ஆள் குப்புற விழுந்து சறுக்கினான். ஐந்தாவது ஆள் அவன்மேல் விழுந்தான். நான் கரைமேல் இருந்த புங்கமரத்து வேரைக் கட்டிப் பிடித்தேன். ஆறு ஆள் பாரமும் ஆற்றின் பாரமும் என் இடுப்பில். மூச்சு உள்ளே போகவில்லை. மரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் நான் இரண்டாக அறுந்துவிடுவேன் என்று இருந்தது. மாப்பிள்ளையின் தலை தெரியும், மறையும். தெரியும்போதெல்லாம் வாயைத் திறந்து எதையோ சொல்லுவார், இரைச்சலில் கேட்காது.

ஆட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து மண்டி போட்டார். தொரட்டியின் அரிவாளைக் கழியிலிருந்து பிடுங்கியிருந்தார்.

"அறுத்துருங்க சாமி! இல்லாட்டி ஏழு பேரும் போயிருவீங்க! கடேசிக் கவுத்த அறுங்க!"

பதற்றத்தில் அரிவாளை என் கையில் திணித்துவிட்டு, சறுக்கிப் போகிற ஆறாவது ஆளைப் பிடிக்க இறக்கத்தில் ஓடினார்.

கடைசிக் கயிறு இருபத்தைந்து முழம் தள்ளி இருந்தது. என் கைக்கு எட்டினது என் இடுப்புக் கயிறு மட்டும்தான். அதை அறுத்தால் அவர்களுக்கு ஒரு உபகாரமும் இல்லை. நான் ஒருவன் தப்பிப்பேன், மற்ற ஆறு பேரும் பிடிப்பில்லாமல் போவார்கள். இது எனக்குத் தெரியாமல் இல்லை. மூளை குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் என் மூளை இன்றைக்கு இருக்கிறதைவிடத் தெளிவாக இருந்தது. அரிவாளை என் வயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவில் செருகி அறுத்தேன். முதல் புரி விட்டது. இரண்டாவது புரி விட்டது.

அப்போது மாப்பிள்ளையின் குரல் கேட்டது. நுரைக்கு மேலே தலையைத் தூக்கி, தொண்டை கிழிய:

"இழுக்காதீங்க! தண்ணியோட ஓடுங்க! கரைமேல, என்கூட ஓடுங்க!"

வாயாடிக்கு உடனே புரிந்தது. "அண்ணா, மரத்த உடுங்க! ஓடோணும்!" என்று எழுந்தான். நான் அரிவாளைப் போட்டேன். வேரை விட்டேன். வேண்டுமென்று விடவில்லை; அவன் இழுத்த இழுப்பில் கை வந்துவிட்டது. ஆறு பேரும் கரைமேல் ஆற்றோடு கீழ்நோக்கி ஓடினோம். இழுக்கிற வரை எமனாக இருந்த கயிறு, கூடவே ஓடினதும் தொய்ந்தது. அவரைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்த தண்ணீர், கயிறு தொய்ந்ததும் மேலே மிதக்கவிட்டது. மலைக் காட்டாற்றங்கரையில் பிறந்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. எங்களுக்குக் கிணற்று நீச்சல்தான் தெரியும்.

முள்ளென்றும் கல்லென்றும் பார்க்கவில்லை. கால் மைலோ அரை மைலோ, அவர் கையை எந்தப் பக்கம் காட்டினாரோ அந்தப் பக்கம் ஓடினோம். அவர் கையை மடக்கினால் நிதானித்தோம், வீசினால் பாய்ந்தோம். ஆறு நெளிகிற ஓர் இடத்தில் தண்ணீர் எங்கள் கரையை ஒட்டி வந்து மோதுகிறது. அங்கே, "இப்ப! இப்ப!" என்று கத்தினார். ஆறு பேரும் மண்ணில் குதிகாலைக் குத்தி உட்கார்ந்தோம், கொஞ்சம் முன்னே அவர் உட்கார்ந்த மாதிரியே. கயிறு இறுகியது. தண்ணீரே அவரை ஊஞ்சல் மாதிரி வீசிக் கொண்டுவந்து கரையில் ஒரு தாழம்புதரில் தள்ளியது.

தூக்கினோம். உடம்பெல்லாம் கீறல். இடது முழங்கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. வயிற்றை அமுக்கினதும் மணலாக வாந்தி எடுத்தார். உயிர் இருந்தது.

நான் கீழே போட்ட அரிவாளோடு ஆட்டுக்காரர் வந்து சேர்ந்தார். முடிச்சை அவிழ்க்க யாராலும் முடியவில்லை. ஒவ்வொருவர் இடுப்புக் கயிற்றையும் அவர்தான் அறுத்தார். முதலில் மாப்பிள்ளை. பிறகு வரிசையாக. கடைசியில் என்னிடம் வந்தார். மழை நின்றுபோயிருந்தது, வெளிச்சம் வந்துவிட்டது. என் இடுப்பில் மூன்று புரியில் ஒன்றே ஒன்று மிச்சம். மற்ற இரண்டும் கத்தரித்த மாதிரி நேராக அறுந்து நின்றன. அறுபட்ட நூலுக்கும் நைந்து அறுந்த நூலுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எங்களில் ஒருவனும் இல்லை. வாயாடி பார்த்தான். கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. ஆட்டுக்காரர் பார்த்துவிட்டு அரிவாளைக் கீழே இறக்கினார்.

தரையில் படுத்திருந்த மாப்பிள்ளை கையை நீட்டி, அந்த மிச்சப் புரியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். அறுந்தது.

"மச்சான் கயிறு தேய்ஞ்சு போச்சு" என்றார். "மரத்துல உராய்ஞ்சிருக்கும்."

அவரைத் தோளில் போட்டு நான்தான் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். முக்கால் மைல். யார் கேட்டும் தோள் மாற்றவில்லை. ஊரே பார்த்தது. தங்கைக்குக் கொடுத்த வாக்கின்படி வாசற்படியில் இறக்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சேலத்துக்கு மூன்று பேர்தான் போனார்கள். இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். நான் போகவில்லை, இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த காயம், சீழ் வைத்துவிட்டது என்று சொன்னேன். காயம் இருந்தது உண்மை. மாப்பிள்ளையை ஆற்றிலிருந்து நான் இழுத்தெடுத்த கதை ஆட்டையாம்பட்டிச் சந்தைவரை போனது. ஆட்டுக்காரர் அந்தப் பக்கம் அப்புறம் ஆடு ஓட்டி வரவில்லை. வாயாடி எனக்கு எதிரில் நின்று அந்தக் கதையை மறுக்கவும் இல்லை, ஒரு தரம்கூட ஆமாம் என்று சொல்லவும் இல்லை. எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் அவன் கண் முதலில் என் இடுப்புக்குப் போய்விட்டுத்தான் முகத்துக்கு வரும்.

முழங்காலுக்குக் கட்டுப் போட்டு, ஒரு மாதம் ஆன பிறகு மாப்பிள்ளை ஊன்றுகோல் ஊன்றி நடந்தார். தறிக்குழியில் மிதி மிதிக்க அந்தக் கால் இனி வராது என்றார்கள். ஒரு காலை வேளையில், "மச்சான், நாங்க ஊருக்குப் போறோம்" என்றார். எங்கள் வீட்டை விட்டு யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனதில்லை. வேறு நாளாக இருந்தால் நான் வாசலில் குறுக்கே நின்றிருப்பேன். அன்று, "வண்டி சொல்லிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே சாமான் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கை வாசலுக்கு வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏனுங்ணா, ஒண்ணு கேக்கறேன். உங்க கவுத்த யாரு அறுத்தாங்க?"

"ஆட்டுக்காரர்தான். எல்லாத்துக்கும் அவர்தான் அறுத்தாரு."

"அது எனக்கும் தெரியுமுங்ணா. அதுக்கு முந்தி?"

நான் உள்ளே பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்கவேண்டும்; மூட்டை கட்டுகிற கை நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"மரத்துல உராய்ஞ்சு தேய்ஞ்சிருச்சு" என்றேன்.

அவர் கை மறுபடியும் வேலை செய்ய ஆரம்பித்தது. தங்கை போய் வண்டியில் ஏறி, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.